தண்ணீர், ஈஸ்ட், பாத்திரம்: சிங்கப்பூரில் பீர் செய்யும் தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். தேவகோட்டைக்காரத் தம்பி ஒருவர் சிங்கப்பூரில் எச்.டி.பி. என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இதுவரை மால்ட் சாறு டின் வாங்கிக் கரைத்து பீர் செய்துவந்தவர், இனி ஆல்-கிரெயின் முறைக்கு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை வாங்கி உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாறு எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் தானே செய்யும் முறைக்கு மாறப்போகிறார். குழாய்த் தண்ணீரா ஆர்.ஓ. தண்ணீரா, பாக்கெட் ஈஸ்ட்டா திரவ ஈஸ்ட்டா, எந்த மெஷின் வாங்கலாம், ஊரில் வளவு வீட்டில் சும்மா கிடக்கும் பித்தளை அண்டாவில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். கையில் இருக்கும் பணத்தில் முக்கால்வாசியை மெஷினுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாராம்.

தம்பி, அந்த முக்கால்வாசியைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். நான் காரைக்குடிக்காரன், பெங்களூரில் பீர் தயாரிக்கும் இடங்களில் தரம் பார்க்கிற வேலையில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே குறை சொல்லப்பட்ட பீரையெல்லாம் சோதித்துப் பார்த்ததில் பாத்திரத்தின் மேல் பழி விழுந்தது அபூர்வம். ஈஸ்ட் போட்ட முதல் மூன்று நாள் சூடு எப்படி இருந்தது, தண்ணீரில் குளோரின் போயிற்றா, மாஷ் என்கிற, வெந்நீரில் ஊறும் மால்ட் கலவையின் பி.எச். எவ்வளவு, இந்த மூன்றுக்குள் காரணம் அகப்பட்டுவிடும். ஆகவே பணத்தையும் கவலையையும் அதே வரிசையில் செலவழியுங்கள்.

அதற்கு முன்னால் சட்டம். சிங்கப்பூரில் 18 வயதானவர் தன் வீட்டிலேயே, தன் வீட்டுக்காக, மாதம் 30 லிட்டர் வரை பீர், ஒயின் மாதிரி நொதிக்கவைத்த பானம் செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. இங்கே அப்படி இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் செய்வது குற்றம். லீவில் வரும்போது அப்பச்சிக்குச் செய்து காட்டுகிறேன் என்று தேவகோட்டையில் அடுப்பு மூட்டிவிட வேண்டாம். செய்முறை எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

சரி, அண்டா. அது ஒரே பத்தியில் முடிகிற விஷயம்: வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், பழைய பித்தளையில் கொஞ்சம் காரீயமும் இருக்கும். மால்ட் சாற்றின் பி.எச். ஐந்தேகால், ஐந்தரை என்று புளிப்புப் பக்கம் நிற்கும், அதை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஈயம் பூசியிருக்கிறதே என்றால், பூசினது சுத்த வெள்ளீயம்தானா என்பது பூசியவருக்கே தெரியாது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய எனாமல் பாத்திரம் அழகழகாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எனாமல் பாத்திரத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு, புதிதாகச் செய்து விற்பதில் தப்பில்லை. நம் தெருவில் இருப்பது பாட்டன் காலத்துச் சரக்கு, ஓரம் பெயர்ந்திருக்கும், அந்தக் காலத்து வண்ணத்தில் காரீயமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு. கூடத்தில் அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் போதும். உங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் அதில் சூடாகாது, அந்தக் காரணம் ஒன்றே போதும்.

இனி ஈஸ்ட். நல்ல ஈஸ்ட் எது என்பதைவிட, உங்கள் வீட்டுச் சூட்டில் எது ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று கேட்பதுதான் நமக்குப் பயன்படும். மார்கழியில் பொங்காத இட்லி மாவு சித்திரையில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறதே, ஈஸ்ட்டும் அப்படித்தான். வழிந்தால் துடைத்துவிடலாம், ருசி மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூரில் அறைச் சூடு 28, 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் முழு வேகத்தில் வேலை செய்யும்போது அதுவே சூடு உண்டாக்கும், வெளியில் இருப்பதைவிட உள்ளே மூன்று முதல் ஐந்து டிகிரி கூடுதலாக இருக்கும். அதாவது யுஎஸ்-05 மாதிரி 18-20 டிகிரியில் சுத்தமாக நொதிக்கிற ஒரு ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்டை, நீங்கள் 33 டிகிரியில் வேலை வாங்குகிறீர்கள். அது மறுக்காது, மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிடும். கூடவே பியூசல் ஆல்கஹால் என்கிற கனமான சாராயங்களையும் கொடுக்கும். வாயில் ஸ்பிரிட் மாதிரிச் சுடுவது பெரும்பாலும் அந்தச் சரக்கின் வேலை. பழுத்த வாழைப்பழம், நெயில்பாலிஷ் வாடை வந்தால் அது எஸ்டர், அதற்கும் காரணம் சூடுதான்.

இந்த வாடைகள் எல்லாம் பெரும்பாலும் முதல் மூன்று நாளில், ஈஸ்ட் பெருகும் நேரத்தில் உண்டாகிறவை. பிறகு குளிரவைத்துப் பயனில்லை, மாறாகக் கடைசியில் இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிட்டால் ஈஸ்ட் தான் விட்டுவைத்த டைஅசிட்டைலை, அந்தச் செயற்கை வெண்ணெய் வாடையை, தானே தின்றுவிடும். ஆகவே செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜும், பிளக்கில் மாட்டும் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குங்கள். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல், பெர்மென்டரின், அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு தடித்த துணியையோ தெர்மாகோலையோ வைத்து டேப் சுற்றிவிடுங்கள். அப்போதுதான் அது பீரின் சூட்டைக் காட்டும், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் காற்றின் சூட்டைக் காட்டி உங்களை ஏமாற்றும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பளபளப்பான மெஷின் பீருக்குச் செய்வதைவிட இந்த ஜோடி நாலு மடங்கு செய்யும்.

ஃப்ரிட்ஜுக்கு இடமே இல்லை, வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. நார்வேயின் மேற்குப் பகுதியில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை, அதில் வோஸ் என்ற இடத்து ஈஸ்ட் இப்போது உலர்ந்த பாக்கெட்டாகவே வருகிறது. அது 35-40 டிகிரியில்தான் சந்தோஷமாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும், லேசாக ஆரஞ்சுத் தோல் மணம் தரும். குளிர் தேசத்து ஈஸ்ட் நம் வெயிலுக்குப் பொருந்திப்போவது வேடிக்கைதான். ஆனால் எல்லா பீரும் ஆரஞ்சு மணத்தோடே வரும், ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும் என்பது என் அபிப்பிராயம். குளிரில் நொதிக்கவைக்க வேண்டிய லாகர் வகையை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

பாக்கெட்டா திரவமா என்றால், பாக்கெட். யோசிக்கவே தேவையில்லை. திரவ ஈஸ்ட் தொழிற்சாலையில் இருந்து விமானம், கிடங்கு, கூரியர் வண்டி என்று உங்கள் வாசலுக்கு வருவதற்குள் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஒவ்வொரு சூடான மணி நேரத்துக்கும் அதில் உயிருள்ள செல் குறைந்துகொண்டே போகும். கணக்கையும் பாருங்கள். ஏல் வகைக்கு ஒரு மில்லி சாற்றில், ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (சாற்றின் சர்க்கரை அடர்த்தியைச் சொல்லும் அளவு) ஏழரை லட்சம் செல் என்பது தொழிலில் வழக்கமான அளவு. 12 பிளேட்டோ சாறு 20 லிட்டர் என்றால் 18,000 கோடி செல். புத்தம் புதிய திரவ பாக்கெட்டில் இருப்பதே சுமார் 10,000 கோடிதான். ஆக, லிட்டருக்கு 100 கிராம் மால்ட் பவுடர் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஒரு நாள் ஈஸ்ட்டை வளர்த்து, பிறகு போட வேண்டும். உலர் ஈஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு, 11.5 கிராம் பாக்கெட் ஒன்று 20 லிட்டருக்குச் சரியாக வரும். முதல் முறை போடும்போது ஆக்ஸிஜன் ஏற்றவும் அவசியம் இல்லை, செல்லுக்குத் தேவையான கொழுப்பைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். வாங்கினதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அவ்வளவுதான்.

கள்ளில் இருக்கும் ஈஸ்ட்டைப் பிடித்துப் போடலாமா என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கள்ளில் நல்ல ஈஸ்ட் இருக்கிறது, மறுக்கவில்லை. அதோடு புளிப்பாக்கும் லாக்டிக் பாக்டீரியா, வினிகராக்கும் அசிட்டிக் பாக்டீரியா, ஜைமோமோனாஸ் என்று சாராயம் உண்டாக்குகிற ஒரு பாக்டீரியா எல்லாம் கூட்டுக் குடித்தனமாக இருக்கும். பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதை எல்லாரும் தின்பார்கள். மால்ட் சாற்றில் பெரும்பங்கு மால்டோஸ், ஜைமோமோனாஸுக்கு அதை உடைக்கத் தெரியாது. அதனால் கள் போல வேகமாக நடக்கும் என்று எதிர்பார்த்தால் நடக்காது, நடுவில் புளிப்பு மட்டும் முந்திக்கொள்ளும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒற்றைச் செல்லில் இருந்து ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டியதே இந்தக் கூட்டுக் குடித்தனத்தைப் பிரிப்பதற்காகத்தான்.

தண்ணீருக்கு வருவோம். இதில் நம் ஊர்க்காரர்களுக்குப் பிறவி ஞானம் உண்டு. போர் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது என்று எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்வார்கள். கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினை இறுக்கிவிடும், அதனால் வேகாது. ஓட்டுக் கூரையின் சரிவு முழுக்க வளவுப் பக்கம் இறக்கி, தூம்பு வழியாக விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொண்டது சும்மா இல்லை. மிச்சத்தை ஊரணிக்கு அனுப்பினார்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் பெருமையாகப் பேசுவோம். எந்தத் தண்ணீர் எதற்கு என்று தெரிந்தவர்களின் பிள்ளை நீங்கள், இதில் கொஞ்சம் வேதியியலை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை குளோரமின். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் வெறும் குளோரின் இல்லை, அதை அம்மோனியாவோடு சேர்த்த குளோரமின் இருக்கிறது. குளோரின் என்றால் ராத்திரி திறந்து வைத்தாலோ கொதிக்கவைத்தாலோ போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது, அதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள். தண்ணீரில் இது மிஞ்சினால் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும். டெட்டால் வாடை அடிக்கும். அடித்தே தீரும், ஏனென்றால் டெட்டாலில் வேலை செய்கிற சரக்கும் அதே குடும்பம்தான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும், பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. இதற்கு மருந்து கேம்ப்டன் மாத்திரை, பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஒரு மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். 15 லிட்டருக்குக் கால் மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. காசு பெறாத விஷயம், விட்டுவிட்டால் மொத்த பீரும் சாக்கடைக்குத்தான்.

இரண்டாவது பி.எச். மாஷ் என்பது உடைத்த மால்ட் வெந்நீரில் ஊறுவது, அங்கே என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. ஆறவைத்து அளந்தால் 5.3, 5.4 காட்ட வேண்டும். தண்ணீரின் பி.எச். எவ்வளவு என்று பார்த்துப் பயனில்லை, அது கிட்டத்தட்ட எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது அல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பது. மால்ட்டில் உள்ள பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து படியும்போது பி.எச். இறங்கும், பைகார்பனேட் அதை இறங்கவிடாமல் பிடிக்கும். இந்த இழுபறியை பால் கோல்பாக் என்ற ஜெர்மன்காரர் 1953-ல் ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்தார், எச்ச அல்கலினிட்டி என்று. வறுத்த கறுப்பு மால்ட்டுக்குப் புளிப்பு அதிகம், அதனால் பைகார்பனேட் மிகுந்த டப்ளின் தண்ணீரில் கறுப்பு பீர் நன்றாக வந்தது. உப்பே இல்லாத பில்சன் தண்ணீரில் 1842-ல் யோசப் கிரோல் பொன்னிற லாகரைக் கொண்டுவந்தார். ஜிப்சம் நிறைந்த, இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீர், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ தூக்கலான பேல் ஏலுக்குப் பேர் வாங்கியது.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் செய்யும் ஒரு காரியம், பர்ட்டன் தண்ணீர், டப்ளின் தண்ணீர் என்று அட்டவணை எடுத்து அப்படியே உப்புக் கலப்பது. தேவையில்லாத வேலை. அந்த ஊர்க்காரர்களே தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். அட்டவணையில் இருப்பது கிணற்றுத் தண்ணீர், பாத்திரத்துக்குள் போனது வேறு.

உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டாம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் ஓரளவு மென்மையானது, அதன் தர அறிக்கையை அங்கத்திய தண்ணீர் வாரியமான பி.யு.பி. வெளியிடுகிறது, அதில் கால்சியம், சல்பேட், குளோரைடு, அல்கலினிட்டி நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் டேங்கர் தண்ணீரை நம்பிச் செய்கிறவர்களுக்கு ஆர்.ஓ. கட்டாயம், ஏனென்றால் இந்த வாரம் ஒரு போர், அடுத்த வாரம் வேறு போர், அதே செய்முறையில் பீர் ருசி மாறிக்கொண்டே இருக்கும். டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்தேன் என்பார்கள், அது மொத்த உப்பு எவ்வளவு என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது.

உப்புக் கணக்கு இவ்வளவுதான். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்கு கால்சியம் 23 மில்லிகிராமும் சல்பேட் 56-ம் ஏறும். ஒரு கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் கால்சியம் 27, குளோரைடு 48. இரண்டையும் ஒவ்வொரு கிராம் போட்டால் கால்சியம் 50-ஐத் தொட்டுவிடும், ஈஸ்ட் அடியில் நன்றாகப் படியவும் பீர் தெளியவும் அது போதும். கசப்பு கூர்மையாக நிற்க வேண்டும் என்றால் ஜிப்சத்தைக் கூட்டுங்கள், மால்ட்டின் உருண்டை ருசி வேண்டும் என்றால் குளோரைடைக் கூட்டுங்கள். நகை நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்று வேண்டும், சமையல் தராசு கிராமில் தடுமாறும். கால்சியம் குளோரைடு காற்றில் ஈரத்தை உறிஞ்சிக் கசியும், டப்பாவை இறுக மூடாவிட்டால் நிறுக்கும்போது பாதி தண்ணீரைத்தான் நிறுப்பீர்கள்.

அப்புறம் பி.எச். மீட்டர். பட்டைக் காகிதம் மால்ட் சாற்றின் நிறத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடும், மீட்டரே வாங்குங்கள். மாஷ் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டு கரண்டி சாறு எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அதைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் சுமார் 0.3 குறைவாக இருக்கும், மீட்டர் முனையும் சீக்கிரம் சாகும். ஒவ்வொரு முறையும் 4-க்கும் 7-க்கும் உரிய பஃபர் கரைசலில் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள், முனையைச் சுத்த நீரில் ஊறப்போடாமல் அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். பி.எச். அதிகமாக இருந்தால் லாக்டிக் அமிலம், மில்லி மில்லியாக. இந்த பி.எச். அளவுகோலே பீர்க்காரர்கள் உபயம் தெரியுமோ, கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் 1909-ல் கொண்டுவந்தது.

இப்போது மிச்சப் பணத்துக்குப் பாத்திரம். மூன்று பாத்திரம், பம்பு, குழாய் என்று அடுக்குவதெல்லாம் தனி வீடும் பின்கட்டும் இருக்கிறவர்களுக்கு. உங்களுக்கு ஒரு பாத்திரம், ஒரு துணிப் பை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியக்காரர்கள் பிரபலப்படுத்தின முறை இது. பாத்திரத்துக்குள் நைலான் வலைப் பையை விரித்து அதற்குள் மால்ட்டைக் கொட்டி ஊறவைத்து, முடிந்ததும் பையைத் தூக்கினால் அடியில் நிற்பது சாறு, அதே பாத்திரத்தில் கொதிக்கவைக்க வேண்டியது. மால்ட்டைத் தனியாகக் கழுவுவது இல்லை என்பதால், 77 டிகிரிக்கு மேலே போய்விடுமா, கழுவும் தண்ணீரில் பி.எச். ஏறி உமியில் இருந்து துவர்ப்பு இறங்குமா என்ற கவலையும் இல்லை.

அளவையும் பாதியாக்குங்கள், 10 லிட்டர். அதற்கு இரண்டரைக் கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ தானியம் முக்கால் லிட்டர் வரை குடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரக் கொதியில் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும், கழித்துப் பார்த்தால் பெர்மென்டருக்குப் பத்து வந்து சேரும், அடர்த்தி 1.050 பக்கம் நிற்கும். தானியமும் தண்ணீருமாக 17 லிட்டர் இடம் பிடிக்கும், கொதிக்கும்போது நுரை பொங்கும், ஆகவே 22, 25 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். 2 கிலோவாட் இண்டக்‌ஷனில் 28 டிகிரித் தண்ணீர் கொதிவர முக்கால் மணி நேரம் ஆகும். 20 லிட்டருக்கு இதையே இரட்டித்தால் சுடும் சாறு சொட்டச் சொட்ட ஒன்பது கிலோப் பையை அடுப்படியில் தூக்கிப் பிடிக்க வேண்டும், வேறு யாராவது குறுக்கே வந்தால் ஆபத்து. மின்சாரத்தில் ஓடும் ஒற்றைப் பாத்திர மெஷின்கள் கெட்டவை என்று சொல்லவில்லை, சூட்டை அரை டிகிரிக்குள் பிடித்து நிறுத்தும், பம்பு சாறைச் சுற்றவிடும், சௌகரியம்தான். ஆனால் மாஷை 66 டிகிரியில் போட்டு, பாத்திரத்தைக் கனமான போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டாலும் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். 63-64 பக்கம் வைத்தால் பீர் வறண்டு வரும், 68-69 என்றால் கனமாக வரும், நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

மால்ட்டை உடைத்தே கேட்டு வாங்குங்கள். மிக்ஸியில் போட்டால் உமியும் மாவாகிவிடும். திருகையில் உடைக்கலாமே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், உடையும், உமி தோல் தோலாகக் கிழிந்துவிடும். பை முறைக்கு அது பரவாயில்லை, ஆனால் திருகையைக் கப்பலேற்றும் அளவுக்கு அவசியம் ஒன்றும் இல்லை.

ஆறவைப்பதில்தான் வெப்ப நாட்டுக்காரர்கள் திணறுவார்கள். செம்புக் குழாய்ச் சுருளைச் சாற்றில் இறக்கி அதற்குள் குழாய்த் தண்ணீர் ஓடவிடுவது வழக்கம். உங்கள் குழாய்த் தண்ணீரே 28-29 டிகிரி என்னும்போது சாறு 33-க்குக் கீழே இறங்காது. (செம்பு வேண்டாம் என்றீர்களே என்றால், நொதிக்கும் முன் சுத்தமான செம்பு கொஞ்ச நேரம் பட்டால் கெடுதல் இல்லை, நொதித்த பிறகு பட்டால்தான் பீர் சீக்கிரம் பழசாகும்.) 10 லிட்டர் என்பதால் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டாலே ஆகிவிடும். க்வைக் என்றால் 35 டிகிரியிலேயே ஈஸ்ட்டைப் போடலாம், இந்தக் கஷ்டமே இல்லை.

சுத்தம் பற்றி ஒன்றிரண்டு. முதலில் கழுவுவது, பிறகு கிருமி நீக்குவது, இரண்டும் வேறு வேறு வேலை. கழுவ சோடியம் பெர்கார்பனேட், கிருமி நீக்க, அதற்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கிருமிநாசினி லிட்டருக்கு ஒன்றரை மில்லி. எவர்சில்வரை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், குளோரைடு அதன் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைக் குத்தி ஊசிக்குழி போடும். காரைக்குடி சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகத்தில் துருப்பிடிப்பதைப் பற்றியே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிளாஸ்டிக் பெர்மென்டர் தாராளமாக வாங்கலாம், ஸ்டீல் நாரால் தேய்க்காதவரை அது உழைக்கும்.

கவுனி அரிசி சேர்க்க ஆசை என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள், 10 லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம். அரிசியின் மாவுச்சத்து மாஷ் சூட்டில் இளகாது, கவுனிக்குக் கறுப்புத் தோல் வேறு. முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, 70 டிகிரிக்கு ஆறினதும் மால்ட்டோடு கலந்துவிடுங்கள். மால்ட்டின் என்சைம் அதையும் சேர்த்துச் சர்க்கரையாக்கிவிடும். கறுப்பு பீர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சாயம் புளிப்பில் செம்மைக்கு மாறும், கடைசியில் இளஞ்சிவப்பாக நிற்கும்.